கோதுமை ஏற்காத குடலும் நம் வீட்டு அடுப்படியும்



தமிழகத்து முஸ்லிம் இல்லங்களில் அரிசியே அடிப்படை உணவு என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். ஆயினும் ஒரு நாள் முழுவதும் நம் வீட்டுக்குள் வந்து போகும் உண்பொருள்களை எண்ணிப் பாருங்கள். காலைத் தேநீருடன் ரஸ்க் அல்லது பிஸ்கெட். பள்ளி செல்லும் பிள்ளைக்குச் சேமியா அல்லது ரவா உப்புமா. சர்க்கரை நோய் கண்ட வாப்பாவுக்கு இரவில் சப்பாத்தி. விருந்தாளி வந்துவிட்டால் கடையிலிருந்து பரோட்டா. மாலை மங்கியதும் பரோட்டாக் கல்லில் கொத்தும் ஓசை கேட்காத கடைத்தெரு தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் வட்டாரத்தில் உண்டா? நோன்பு திறக்கச் சமோசா, பெருநாள் காலையில் சேமியாப் பாயசம், வலீமா விருந்தில் பிரெட் அல்வா, உறவினர் வீட்டுக்குக் கொண்டுசெல்லத் தம்ரூட் என்று இன்பமான நாள்களிலெல்லாம் கோதுமை நம்முடன் இருக்கிறது.

இவற்றை உண்டு நம்மில் மிகப் பெரும்பாலோர் நலமாகவே வாழ்கிறோம். அல்ஹம்துலில்லாஹ்! ஆனால் நம்மிடையே வாழும் மிகச் சிலருடைய குடல் இந்தத் தானியத்தை ஏற்பதில்லை. ஏற்காதது மட்டுமன்றி, அதை உண்ணும் போதெல்லாம் தன்னைத்தானே அழித்துக்கொள்ளவும் செய்கிறது. அந்த நோயின் பெயர் சீலியாக். அதைப் பற்றி இங்கு விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. இந்நோய் கண்டவருக்கு மருந்து கடையில் இல்லை. வீட்டாரின் கையில்தான் இருக்கிறது.

குடலுக்குள் நடப்பது என்ன?

கோதுமை மாவைப் பிசைந்தால் இழுவையாக வருகிறதல்லவா? பரோட்டாவை வீசி வீசி மெல்லிய துணிபோல் விரிக்க முடிவதும் அந்த இழுவையால்தான். அதனைத் தருவது மாவிலுள்ள ஒருவகைப் புரதம். அதற்குக் குளூட்டன் என்று பெயர். தமிழில் பசையம் எனலாம். கோதுமையிலும், வாற்கோதுமை எனப்படும் பார்லியிலும், மேலைநாட்டுத் தானியமான ரை என்பதிலும் இவ்வகைப் புரதங்கள் உள்ளன. மைதா, ரவை, சேமியா, ஆட்டா, சம்பா கோதுமை ஆகிய யாவும் கோதுமையின் வடிவங்களே.

நம் சிறுகுடலின் உட்சுவரில் விரல்போன்ற நுண்ணிய நீட்சிகள் எண்ணற்றவை உள்ளன. அவற்றைக் குடலுறிஞ்சிகள் என்பர். உண்ட உணவின் சத்தை உறிஞ்சி இரத்தத்தில் சேர்ப்பவை அவையே. சீலியாக் நோய் உடையவர் பசையம் உள்ள உணவை உண்டால், உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல் தவறான திசையில் திரும்பிச் சிறுகுடலின் உட்சுவரையே தாக்குகிறது. குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகின்றன. பிறகு எவ்வளவு பாலும் முட்டையும் இறைச்சியும் கொடுத்தாலும் உடலில் ஒட்டுவதில்லை.

இது தொற்றுநோய் அன்று. ஒரே தட்டில் உண்பதாலோ, ஒரே குவளையில் நீர் அருந்துவதாலோ பிறருக்குப் பரவாது. டி.க்யூ.2, டி.க்யூ.8 என்று குறிக்கப்படும் மரபணு வகைகளில் ஒன்றையாவது உடையவர்களுக்கே பெரும்பாலும் இது வருகிறது. அம்மரபணு உள்ள அனைவருக்கும் நோய் வருவதில்லை. அவர்களுள் சிறு பகுதியினருக்கே வருகிறது.

ரொட்டி இல்லாத குளிர்காலம்

1888ஆம் ஆண்டிலேயே லண்டன் மருத்துவர் சாமுவேல் ஜீ இந்நோயைத் தெளிவாக எழுதி வைத்தார். உணவு முறையால்தான் இதற்குத் தீர்வு கிடைக்கக்கூடும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். ஆயின் எந்த உணவு குற்றவாளி என்பது அவருக்குத் தெரியவில்லை. பிற்காலத்தில் சிலர் வாழைப்பழத்தையே முதன்மை உணவாகக் கொடுத்துப் பிள்ளைகளைத் தேற்றினர். வாழைப்பழத்தில் மருந்து இருப்பதாகவும் எண்ணினர். உண்மையில் ரொட்டி நின்றதே அப்பிள்ளைகள் தேறியதன் காரணம்.

உண்மையைக் கண்டறிந்தவர் நெதர்லாந்து நாட்டுக் குழந்தை மருத்துவர் வில்லெம் கரேல் டிக்கே. கோதுமையின் மீது அவருக்கு முன்னரே ஐயம் இருந்தது. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944-45 குளிர்காலத்தில், அந்நாட்டில் கொடும் பஞ்சம் நிலவியது. ரொட்டி கிடைக்கவில்லை, மக்கள் கிழங்குகளைத் தின்று உயிர் பிழைத்தனர். ஊரே மெலிந்த அந்த வேளையில், சீலியாக் நோயுற்ற குழந்தைகள் மட்டும் தேறினர். மீண்டும் ரொட்டி கிடைத்தபோது அவர்களின் நோயும் மீண்டது. இந்த ஐயத்தை ஆய்வு செய்து உறுதிப்படுத்திய டிக்கே, 1950ஆம் ஆண்டு தம் ஆய்வேட்டை வெளியிட்டார். இன்று உலகெங்கும் இந்நோய்க்கு அளிக்கப்படும் சிகிச்சை அவர் காட்டிய அந்தப் பத்தியமே.

இது வடநாட்டு நோய்தானே?

இப்படி ஓர் எண்ணம் நம்மிடையே உண்டு. அதில் பாதி உண்மை இருக்கிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய மருத்துவர் பி.எஸ். இராமகிருஷ்ணா, தில்லி எய்ம்ஸ் மருத்துவர் கோவிந்த் மகாரியா ஆகியோர் உள்ளிட்ட குழு, வட இந்தியா, வடகிழக்கு, தென்னிந்தியா ஆகிய மூன்று பகுதிகளிலும் 23,331 பேரைப் பரிசோதித்து 2016இல் முடிவுகளை வெளியிட்டது. வடக்கே ஆயிரம் பேரில் 8.53 பேருக்கு இந்நோய் இருந்தது, வடகிழக்கே 4.66. தென்னிந்தியாவில் அது 0.11 மட்டுமே. அதாவது ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒருவர்.

அதே ஆய்வு தரும் வேறு இரு கணக்குகள் நம்மைச் சிந்திக்க வைப்பவை. இந்நோய்க்கு இடமளிக்கும் மரபணு வடக்கே 38.1 விழுக்காட்டினருக்கு இருந்தது, தெற்கே 36.4 விழுக்காட்டினருக்கு இருந்தது. பெரிய வேறுபாடு இல்லை. நாள்தோறும் உண்ணும் கோதுமையோ வடக்கே சராசரி 455 கிராம். தெற்கே 25 கிராம். மண் ஏறத்தாழ ஒன்றே. விதைப்பதுதான் வேறு என்று தோன்றுகிறதல்லவா? கோதுமை ஒன்றே காரணம் என்று இதைக் கொண்டு முடிவு கட்டிவிட இயலாது. எனினும், சோற்றைக் குறைத்துச் சப்பாத்தியும் பரோட்டாவும் ரொட்டியும் பெருக்கி வரும் நம் குடும்பங்கள் கருத்தில் கொள்ள வேண்டிய செய்தி இது.

தென்சென்னைப் புறநகருக்கு இது மேலும் பொருந்தும். தாம்பரம் விமானப்படைத் தளத்தையும், பல்வேறு தொழிற்கூடங்களையும், கணினி நிறுவனங்களையும் ஒட்டி வடநாட்டுக் குடும்பங்கள் பல இங்கே குடியேறியுள்ளன. வண்டலூர் கிரசென்ட் கல்லூரிக்குப் பல மாநில மாணவர் வருகின்றனர். வளைகுடா நாடுகளில் பிறந்து, குபூஸ் ரொட்டி தின்று வளர்ந்த நம் பிள்ளைகள் பெற்றோருடன் ஊர் திரும்பி இங்கே வாழ்கின்றனர். ஆகவே, இந்த நோயைப் பற்றி நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது.

ஒரு நோய் அரிதாக இருப்பதில் இன்னொரு தீங்கும் உண்டு. அதை யாரும் நினைப்பதில்லை. நம் பகுதியில் நாட்பட்ட வயிற்றுப்போக்குக்கும் மெலிவுக்கும் வேறு காரணங்கள் பல. புழுத்தொல்லை, ஜியார்டியா கிருமி, குடல் காசநோய் ஆகியவை அவற்றுள் சில. 1960களில் வட ஆர்க்காடு பகுதியில் பரவி, வேலூர் மருத்துவர்களால் ஆராயப்பட்ட வெப்பமண்டல ஸ்புரூ நோயிலும் குடலுறிஞ்சிகள் தேய்வதுண்டு. 1928இல் மருத்துவர் சௌரி முத்து நிறுவிய காசநோய் மருத்துவமனையால் சானடோரியம் என்றே பெயர் பெற்ற ஊர் நம்முடையது. இங்கே ஒருவர் மெலிந்தால் காசநோயோ என்று முதலில் ஐயுறுவது இயல்பே. அந்தப் பரிசோதனைகள் முதலில் செய்யப்பட வேண்டியவைதாம். அவற்றில் ஒன்றும் தெரியாதபோது சீலியாக் உண்டா என்று பார்க்கும்படி மருத்துவரிடம் கேட்பது நம் உரிமை.

அடையாளங்கள் யாவை?

குழந்தைகளிடத்தில் நாட்பட்ட வயிற்றுப்போக்கு, உப்பிய வயிறு, மெலிந்த கைகால், வயதுக்கேற்ற உயரமும் எடையும் இன்மை, எப்போதும் சிணுங்கும் இயல்பு ஆகியவை தோன்றலாம். வயதுக்கு வருவது தாமதமாகலாம். பெரியவர்களிடத்தில் வயிற்றுத் தொல்லை சிறிதும் இல்லாமலே இந்நோய் மறைந்திருப்பதுண்டு. எவ்வளவு இரும்புச்சத்து மாத்திரை உண்டும் தீராத இரத்தசோகை, எலும்பு வலுவிழத்தல், அடிக்கடி வாய்ப்புண், தீராத சோர்வு, முழங்கையிலும் முழங்காலிலும் அரிப்புடன் கூடிய கொப்புளங்கள் ஆகியவையும் இதன் முகங்களே.

சிறுவயதிலேயே இன்சுலின் தேவைப்படும் முதல்வகை நீரிழிவு உள்ளவர்களுக்கும், எதிர்ப்பாற்றல் கோளாற்றால் தைராய்டு நோய் கண்டவர்களுக்கும் இது வரும் வாய்ப்பு மற்றவர்களை விட அதிகம். ஒருவருக்கு இந்நோய் உறுதியானால், அவருடைய பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளைகள் ஆகியோரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

பெண்ணின் மீது சுமத்தப்படும் பழி

சகோதரிகளே, இந்தப் பகுதியைச் சற்று நிதானித்துப் படியுங்கள். கண்டறியப்படாத சீலியாக் நோய் சில பெண்களுக்குக் கருத்தரிப்பதில் தாமதத்தையும், அடுத்தடுத்துக் கருச்சிதைவையும் உண்டாக்கக்கூடும். குழந்தையின்மை எல்லாவற்றுக்கும் இதுவே காரணம் என்று பொருளன்று. ஆனால் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். பத்தியத்தால் சீர்பெறக்கூடிய காரணமாகவும் இருக்கலாம்.

நம் வீடுகளில் நடப்பது என்ன? நிக்காஹ் முடிந்து இரண்டாண்டு ஆகியும் மடி நிறையாத மருமகளை உற்றார் பேசும் பேச்சு நமக்குத் தெரியாததன்று. இரத்தசோகையால் வெளுத்து, எழுந்து நிற்கவும் மூச்சு வாங்கும் பெண்ணைச் சோம்பேறி என்கிறோம். "கொடுத்ததைத் தின்றால் உடம்பு தேறாதா?" என்று அதட்டுகிறோம். அவளோ கொடுத்ததைத் தின்றுதான் தேய்ந்துகொண்டிருக்கிறாள். தர்காவுக்கும் தாயத்துக்கும் அலைக்கழிப்பதற்கு முன்னால் ஓர் இரத்தப் பரிசோதனை செய்து பார்த்தோமா என்று அவளுடைய மாமியாரும் கணவரும் தங்கள் நெஞ்சைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று. மகளுக்கு இந்நோய் இருப்பது தெரிந்தும், மணப்பேச்சு முறிந்துவிடும் என்று அஞ்சி மறைக்கும் பெற்றோர் அவளுக்கே தீங்கு செய்கின்றனர். புகுந்த வீட்டில் தன் பத்தியத்தை வாய்விட்டுச் சொல்ல இயலாமல், பரிமாறியதை உண்டு உண்டு அவள் மீண்டும் நோயில் விழுவாள். முன்கூட்டிச் சொல்லுங்கள். பத்தியம் காக்கும் சீலியாக் நோயாளி மற்றவரைப் போலவே உழைக்கலாம், மணக்கலாம், பிள்ளை பெறலாம், நீண்டு வாழலாம். மாப்பிள்ளை வீட்டார் இதனை ஒரு குறையாக எண்ணுவது அறியாமை.

பரிசோதனைக்கு முன் ஓர் எச்சரிக்கை

முதற்படி ஓர் இரத்தப் பரிசோதனை. திசு டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்னும் நொதிக்கு எதிரான ஐ.ஜி.ஏ. எதிர்ப்பொருள் இரத்தத்தில் இருக்கிறதா என்று பார்ப்பர். உடலில் மொத்த ஐ.ஜி.ஏ. போதிய அளவு உள்ளதா என்பதையும் பார்ப்பர். அதில் ஐயம் தோன்றினால், வாய்வழியே உள்நோக்கிக் குழாய் செலுத்திச் சிறுகுடலின் தொடக்கப் பகுதியிலிருந்து சிறு சிறு சதைத்துணுக்குகளை எடுத்து ஆராய்வர். தாம்பரத்திலிருந்து மின்சார ரயில் ஏறினால் எழும்பூரில் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை. அதற்கடுத்த பூங்கா நிலையத்தில் இறங்கினால் இராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையின் குடல் இரைப்பைப் பிரிவு. வசதி குறைந்தவர் தயங்க வேண்டியதில்லை.

எச்சரிக்கை இதுதான்: பரிசோதனை முடியும் வரை கோதுமையை நிறுத்தாதீர்கள். யாரோ சொன்னார் என்று முன்னரே நிறுத்திவிட்டால் எதிர்ப்பொருள் குறைந்து, குடலும் ஓரளவு தேறி, நோய் இருப்பது தெரியாமலே போய்விடும். பிறகு நோயை உறுதிசெய்ய, துன்பத்தைப் பொறுத்துக்கொண்டு சில வாரங்கள் மீண்டும் கோதுமை உண்ண வேண்டிவரும்.

கோதுமை உண்டால் வயிறு உப்புகிறது என்பவர் எல்லாரும் சீலியாக் நோயாளர் அல்லர். கோதுமை ஒவ்வாமை என்பது வேறு. சீலியாக் இல்லாமலே கோதுமையால் வரும் வயிற்றுத் தொல்லை வேறு. நோயில்லாதவர் நாகரிகத்துக்காகப் பசையத்தைத் துறப்பதில் பயன் ஒன்றும் இல்லை.

பத்தியம் நமக்குப் புதிதன்று

நோய் உறுதியானால் சிகிச்சை ஒன்றே. பசையத்தை வாழ்நாள் முழுவதும் விலக்க வேண்டும். தேறிவிட்டோமே என்று மீண்டும் தொட்டால் குடல் மீண்டும் தேயும்.

"ஹலாலான உணவைக் கூடாது என்று சொல்லலாமா?" என்று சில பெரியவர்கள் தயங்குகின்றனர். நோயிலிருந்து தேறி வந்த அலீ (ரலி) அவர்கள் பேரீச்சங்குலையிலிருந்து உண்ணத் தொடங்கியபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவரைத் தடுத்து, அவருடைய அன்றைய உடல்நிலைக்கு ஏற்ற வேறோர் உணவை உண்ணச் செய்ததை ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். பேரீச்சம்பழம் ஹலால், சிறந்த உணவும் கூட. ஆயினும் அந்நேரத்தில் அவருக்கு அது பொருந்தவில்லை. இவ்வாறே, தல்பீனா என்னும் வாற்கோதுமைக் கஞ்சியைச் சுன்னத்தான உணவென்று விரும்பிப் பருகும் வழக்கம் இப்போது பெருகியுள்ளது. உடல் ஏற்பவர் பருகட்டும். சீலியாக் நோயாளிக்கு வாற்கோதுமையும் கோதுமையைப் போன்றதே என்பதால், அன்பினால்கூட அதனை அவருக்கு ஊட்டக் கூடாது.

எவை கூடும்? பட்டியல் நீளமானது. அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், மக்காச்சோளம், தினை, சாமை, வரகு, குதிரைவாலி. பருப்பு வகைகள் யாவும். இறைச்சி, மீன், முட்டை. காய், கனி, கீரை, கிழங்கு, தேங்காய், கொட்டைகள். பால் நல்லதே. குடல் தேறாத தொடக்க நாள்களில் சிலருக்குப் பால் செரிக்காது; சில காலம் குறைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். ஓட்ஸ் தானியம் சிலருக்கு ஒத்துக்கொள்ளும். ஆனால் கடைகளில் விற்பதில் கோதுமை கலந்திருக்க வாய்ப்பு மிகுதி; மருத்துவரைக் கேளாமல் வேண்டாம்.

நம் முன்னோர் சமையலை நினைத்துப் பாருங்கள். இடியாப்பமும் கறியாணமும், ஆப்பமும் தேங்காய்ப்பாலும், அரிசிமாப் பத்திரி, கறிக்கொழுக்கட்டை, தக்கடி, நெய்ச்சோறு, வட்டிலப்பம் ஆகியவற்றில் எங்கே இருக்கிறது கோதுமை? காயல்பட்டினத்து, கீழக்கரைப் பாட்டிமார் செய்த பலகாரங்களில் பாதிக்கு மேல் அரிசிமாவில் ஆனவை. மேலைநாட்டு நோயாளி ஒருவர் பசையமில்லா ரொட்டிக்கு அலைகிறார். நமக்கோ அந்தப் பத்தியம் பாட்டியின் சமையலாகவே இருக்கிறது. நோயாளியின் இரத்தசோகைக்கு ஆட்டீரலும் முருங்கைக்கீரையும், எலும்புக்குக் கேழ்வரகும் துணை நிற்கும்.

மறைந்து வரும் மாவு

சப்பாத்தியையும் பரோட்டாவையும் விலக்குவது எளிது. கண்ணுக்குத் தெரியாமல் வருவதை விலக்குவதே கடினம். ஒரு துண்டு ரொட்டியில் ஏறத்தாழ 2 கிராம் பசையம் இருக்கும். நாளொன்றுக்கு 50 மில்லிகிராம், அதாவது அந்த ரொட்டித் துண்டின் நாற்பதில் ஒரு பங்கு, மூன்று மாதம் தொடர்ந்து உட்கொண்டாலே குடல் கெடும் என்று 2007இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே "கொஞ்சம் தின்றால் என்ன?" என்னும் கேள்விக்கு இங்கே இடமில்லை.

எங்கெங்கே மறைந்திருக்கிறது என்று பாருங்கள்:

கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு சேர்ப்பது வழக்கம். அதனால் இரசம், சாம்பார், நீர்மோர், ஊறுகாய் யாவும் ஐயத்துக்குரியவை ஆகின்றன. 

ஹார்லிக்ஸ் போன்ற மால்ட் பானங்களில் கோதுமையும் வாற்கோதுமையும் உள்ளன. மெலிந்த பிள்ளை தேறட்டும் என்று நாம் கொடுப்பதே அதை மெலிவிக்கக்கூடும்.

சோயா சாஸ், கடையில் விற்கும் சூப்புத்தூள், மைதா தோய்த்துப் பொரிக்கும் கோழி, ரவை தடவிய மீன் வறுவல், கோதுமைப் பாலில் கிண்டும் அல்வா ஆகியவையும் விலக்கத்தக்கவை. 

பிரியாணியில் கோதுமை இல்லை. ஆனால் தம் போடும்போது தேக்சாவின் வாயை மைதா மாவால் ஒட்டுகிறோமே! மூடியைத் திறக்கையில் அந்த மாவு சோற்றில் உதிரும். ஈரத்துணியைச் சுற்றி மூடுங்கள்.

தெருமுனை மாவு மில் மற்றோர் இடம். முன்னவர் கோதுமை அரைத்த அதே கல்லில் நம் இடியாப்ப மாவை அரைத்தால், அரிசிமாவும் கோதுமைமாவே. அரிசியைக் களைந்து நிழலில் உலர்த்தி வீட்டு மிக்ஸியில் அரைத்துச் சலிப்பது நலம். சில மாத்திரைகளிலும் இலேகியங்களிலும் கோதுமை மாவுச்சத்து சேர்வதுண்டு. ஆங்கில மருத்துவரானாலும் சித்த, யூனானி மருத்துவரானாலும் கேட்டே வாங்குங்கள்.

அடைத்து விற்கும் உணவுகளில், ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் பசையம் இல்லாதவையே பசையமற்றவை என்று முத்திரை பெறலாம் என்பது உலக அளவிலும் நம் நாட்டிலும் உள்ள விதி. கோதுமை சேர்ந்திருந்தால் உறையில் அதைக் குறிக்க வேண்டும் என்பதும் சட்டம். உறையைப் படிக்கும் பழக்கத்தைப் பிள்ளைக்கும் சிறுவயதிலேயே கற்றுக்கொடுங்கள்.

வீட்டில் மற்றவர்கள் கோதுமை உண்பதை நிறுத்த வேண்டியதில்லை. நோயாளிக்கென்று தனித் தோசைக்கல், தனிச் சல்லடை, தனிக் கரண்டி வைத்து, அவருடைய உணவை முதலில் சமைத்து மூடிவிட்டுப் பிறகு சப்பாத்தி மாவைப் பிசையுங்கள். சமோசா பொரித்த எண்ணெயில் அவருக்கு வடை சுடாதீர்கள்.

நோன்பும் விருந்தும் பயணமும்

பத்தியத்தில் நின்று உடல் தேறிய சீலியாக் நோயாளர் மற்றவரைப் போலவே நோன்பு நோற்க முடியும். நோய் புதிதாகக் கண்டறியப்பட்டு மிகவும் நலிந்திருப்பவர் மருத்துவரையும் ஆலிமையும் கலந்து முடிவு செய்யட்டும். நோயாளிக்கு மார்க்கம் அளித்துள்ள சலுகையை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. பேரீச்சம்பழமும் நீரும் கொண்டு நோன்பு திறப்பதில் அவருக்கு எந்தத் தடையும் இல்லை. அரிசியும் பாசிப்பருப்பும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் காய்ச்சும் நோன்புக் கஞ்சியும் இயல்பில் தீங்கற்றதே. சில இடங்களில் உடைத்த கோதுமை சேர்ப்பர். பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சுபவரை ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் போதும். ஹலீம் கோதுமையால் ஆனது. அதை விலக்க வேண்டும்.

விருந்தில்தான் மனத்துன்பம் அதிகம். ஒரே சஹனில் நால்வர் கூடி உண்பது நம் சகோதரத்துவத்தின் அடையாளம். ஆனால் பரோட்டா பிய்த்த கை அதே சஹனில் சோற்றைத் தொடும்போது நோயாளிக்குத் தீங்கு வந்து சேர்கிறது. அவருக்குத் தனித் தட்டு வையுங்கள். தனித் தட்டு கேட்பவரைப் பெருமைக்காரர் என்று எண்ணாதீர்கள். "ஒரு வாய் தின்றால் ஒன்றும் ஆகாது" என்று வற்புறுத்துவது உபசாரம் ஆகாது. தம் முன் வைக்கப்பட்ட உடும்புக் கறியை, தம் ஊரில் பழக்கமில்லாதது என்று கூறி நாயகம் (ஸல்) அவர்கள் உண்ணாது விட்டார்கள். உடனிருந்தவர் உண்டதைத் தடுக்கவும் இல்லை. விருந்தாளி ஒன்றை மறுப்பதும், விருந்தளிப்பவர் அதனை முகம் சுளிக்காமல் ஏற்பதும் நமக்குக் கற்பிக்கப்பட்ட பண்பாடே.

பள்ளிக்கூடத்திலும் சொல்லி வையுங்கள். 2022இல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டப் பட்டியலில் ரவை, சேமியா, கோதுமை ரவை உணவுகளும் இடம்பெற்றன. அரிசிப் பொங்கல் நாளில் பிள்ளை அங்கே உண்ணலாம். மற்ற நாளில் வீட்டிலிருந்து கொடுத்தனுப்பலாம். அன்றன்றைய உணவை ஆசிரியரிடம் கேட்டறியுங்கள். அங்கன்வாடியில் தரும் இணை உணவு மாவிலும் கோதுமை சேர்வதுண்டு. பிறந்தநாள் கேக்கும் பிஸ்கெட்டும் வகுப்பில் வழங்கப்படும்போது உங்கள் பிள்ளை மட்டும் வெறுங்கையோடு அமர்ந்திராதபடி, பையில் கடலைமிட்டாயோ பேரீச்சம்பழமோ இருக்கட்டும்.

ஹஜ், உம்ரா செல்பவர்கள் நோயின் பெயரும் விலக்க வேண்டியவையும் அரபியில் எழுதிய ஒரு துண்டுத்தாளைக் கையில் வைத்திருங்கள். பயண முகவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். வறுத்த அரிசிமாவு, அவல், கேழ்வரகு மாவு கொஞ்சம் கட்டிக்கொண்டு போங்கள். அங்கே சோறும் இறைச்சியும் பழமும் தாராளமாகக் கிடைக்கும். குழம்பில் மாவு கரைத்திருக்கிறார்களா என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டார் கையில் மருந்து

பத்தியம் தொடங்கிய சில வாரங்களிலேயே பலருக்கு வயிறு அமைதியடையும், பசி எடுக்கும், பிள்ளைகளின் முகம் தெளியும். குடல் முழுதும் சீராக மாதங்கள் ஆகும். பெரியவர்களுக்கு ஆண்டுகளும் ஆகலாம். இடையிடையே இரத்தப் பரிசோதனை செய்து, எதிர்ப்பொருள் குறைந்து வருகிறதா என்று பார்க்க வேண்டும். குறையாவிட்டால் எங்கோ மாவு மறைந்து வருகிறது என்று பொருள். யாரைக் குற்றம் சாட்டுவது என்று தேடாமல், எந்த டப்பாவில் இருக்கிறது என்று தேடுங்கள்.

மாத்திரை விழுங்குவது நோயாளி ஒருவரின் வேலை. இந்தப் பத்தியமோ உம்மாவும் வாப்பாவும் மாமியாரும் மருமகளும் அண்டை வீட்டாரும் சேர்ந்து காக்க வேண்டிய அமானிதம். உங்கள் உறவில், உங்கள் தெருவில், தேறாத பிள்ளையோ வெளுத்த பெண்ணோ இருந்தால் இதனை எடுத்துச் சொல்லுங்கள். உங்கள் ஒரு சொல்லால் ஒருவருடைய பல்லாண்டுத் துன்பம் நீங்கக்கூடும். நோயுற்றோர் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் ஷிஃபாவை நல்குவானாக! அவர்களைச் சுற்றி வாழும் நமக்குப் பொறுமையையும் இரக்கத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.